முத்துப் பார்களை எண்ணியவர்

அபிவிருத்தித் திட்டங்களின் நிலைமையை உயரதிகாரிகள் தமது கையடக்கத் தொலைபேசித் திரையிலேயே கண்டறிய வேண்டும், அதற்கு எளிமையான செயலிகளை வடிவமைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது நிர்வாக வட்டாரங்களில் வலுத்திருக்கிறது. கூட்டத்திலிருந்து கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் அமைச்சின் செயலாளருக்கோ திணைக்களப் பணிப்பாளருக்கோ நானூறு பக்க அறிக்கையைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பணம் எவ்வளவு செலவாயிற்று, வேலை எவ்வளவு முடிந்தது, எங்கே தடங்கல் என்பன பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரிந்து தெரிந்தால் போதும் என்று அவர்கள் விரும்புவதில் தவறில்லை. அந்தச் சிறிய திரையில் எதை வைப்பது, எதை விடுவது, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இச்சிக்கல் புதியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கணினி என்ற சொல்லே பிறவாத காலத்தில், மன்னார்க் கடலுக்கு அடியில் கிடப்பதைக் கொழும்பிலும் இலண்டனிலும் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்களுக்குச் சில எண்களில் சொல்லியாக வேண்டிய பொறுப்பு ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் ஜேம்ஸ் ஹோர்னெல். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் பற்றி ஆராயும் எவரும் இன்றும் அவருடைய நூல்களைத் தொடாமல் மேலே செல்ல முடியாது. ஆயினும் அவரது வாழ்க்கையின் திருப்புமுனை சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரே விரிந்துகிடக்கும் முத்துப் பார்களில் நிகழ்ந்தது என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.

ஹோர்னெல் 1865ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜேர்சித் தீவில் கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நடத்தி, கடலுயிர்களைப் பற்றிய சஞ்சிகை ஒன்றையும் வெளியிட்டு வந்தார். பல்கலைக்கழகப் பீடத்தில் அமர்ந்து ஆராய்ந்தவரல்லர். படகிலும் சேற்றிலும் நின்று கற்றவர். லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டு இலங்கைக்குப் புறப்பட்டபோது தமக்குத் துணையாக இவரை அழைத்து வந்தார்.

அழைப்புக்குக் காரணம் அரசாங்கத்தின் பணக் கவலை. 1891இல் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர் மன்னார்க் கரையில் ஆண்டுக்கு ஆண்டு பார்கள் வெறுமையாகவே கிடந்தன. பழங்காலம் தொட்டு அரசர்களுக்கும், பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோருக்கும் பொன்னை அள்ளிக் கொடுத்த கடல் ஏன் கைவிரித்தது என்று கொழும்புக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் அரசாங்க அதிபராக இருந்து முத்துப் பார்களைத் தம் உள்ளங்கையைப் போல அறிந்திருந்த சேர் வில்லியம் ட்வைனம் போன்றோரின் அனுபவ அறிவுக்கு மேலாக, விஞ்ஞானத்தின் தீர்ப்பை அரசாங்கம் நாடிற்று.

ஹேர்ட்மன் லேடி ஹவ்லொக் என்ற நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சில மாதங்களில் இங்கிலாந்து திரும்பினார். ஹோர்னெல் இங்கேயே தங்கினார். பேராசிரியரின் பெயரில் 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் தொகுதிகளாக றோயல் சங்கம் வெளியிட்ட அறிக்கைக்குப் பார்களில் இருந்து வந்த செய்திகளும் மாதிரிகளும் பெருமளவில் இவருடைய உழைப்பில் விளைந்தவை. பல நிபுணர்கள் எழுதிய துணைக் கட்டுரைகளும் அதில் அடக்கம். கடற்பஞ்சு, நண்டு, புழு என்று மன்னார் வளைகுடாவின் உயிரினங்களுக்கு அதைப் போன்ற ஒரு பட்டியல் அதற்கு முன்னர் இருந்ததில்லை. ஐந்து தொகுதிகளையும் ஆளுநர் படித்திருப்பார் என்று நாம் நம்பவில்லை. படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

ஆளுநருக்கு வேண்டியது வேறு. இந்த ஆண்டு சலாபம் நடத்தலாமா, கூடாதா? முத்துக்குளிப்புக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் சலாபம். அதை நடத்துவதென்றால் கீழக்கரை, தூத்துக்குடி, இராமேஸ்வரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இருந்தும் பாரசீக வளைகுடாவில் இருந்தும் குளியாட்களையும், இந்தியாவெங்கும் இருந்து வியாபாரிகளையும் முன்கூட்டியே விளம்பரம் செய்து வரவழைக்க வேண்டும். மறிச்சுக்கட்டியின் மணற்காட்டில் சில வாரங்களுக்கு ஒரு நகரத்தையே எழுப்ப வேண்டும்; தண்ணீர், வைத்தியசாலை, பொலிஸ், நீதிமன்றம் எல்லாம் வேண்டும். இவ்வளவும் செய்தபின் கடலில் சிப்பி இல்லையென்றால் செலவும் அவமானமும் மிஞ்சும். சிப்பி இருந்தும் ஓராண்டு தாமதித்தால் அதைவிட மோசம். சிப்பி நான்கைந்து வயதில் பக்குவம் அடைகிறது. அதற்குமேல் ஓரிரு ஆண்டுகள் விட்டால் தானாகவே மடிந்துபோகிறது. முடிவெடுப்பதற்கான கால இடைவெளி அவ்வளவு குறுகியது.

இதற்கென்று மன்னார்க் கரையில் நெடுங்காலமாக ஒரு நடைமுறை வளர்ந்திருந்தது. பார்ச் சோதனையாளரின் படகுகள் பாரின்மீது வரிசையாகச் செல்லும். குளியாட்கள் இடம்விட்டு இடம் மூழ்கி, ஒவ்வொரு மூழ்கலிலும் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை மேலே கொண்டு வருவர். எத்தனை மூழ்கல், எத்தனை சிப்பி என்பது எழுதப்படும். அதிலிருந்து சராசரி கண்டு, பாரின் பரப்பைக் கொண்டு மொத்தம் மதிப்பிடப்படும். சிப்பியின் அளவையும் எடையையும் கொண்டு வயது கணிக்கப்படும். இறுதியாகச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பீட்டாளர்களிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்று விலை குறிப்பர். எண்ணிக்கை, வயது, ஆயிரத்தின் விலை என்ற மூன்றும் ஆளுநரின் மேசைக்குப் போகும். அவர் மூன்றையும் பார்த்து ஆம் அல்லது இல்லை என்பார்.

இன்றைய செயலி வடிவமைப்பாளர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் எளிமை அனைத்தும் இந்த மூன்று எண்களில் இருந்தது என்பது நமது எண்ணம். அவை ஒரு தீர்மானத்தை நோக்கியே திரட்டப்பட்டன. அளந்தவர் யார், அளந்த நாள் எது, எந்தப் பார் என்பதெல்லாம் சோதனைக் குறிப்பில் இருந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் மூச்சடக்கி மூழ்கிய ஒரு மனிதனின் கை இருந்தது. அடப்பனாரும் குளியாட்களும் சொல்வதை அலட்சியம் செய்யாமல் கேட்பது ஹோர்னெலின் இயல்பு. பின்னாளில் அவர் எழுதிய நூல்களில் தமிழ்க் கரையோர மக்களின் தொழிற்சொற்களும் வழக்கங்களும் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

பெரிய பாரின் கதை அவர் காலத்து ஆய்வில் மிக முக்கியமானது. கரையிலிருந்து வெகு தொலைவில், கடலடி செங்குத்தாக ஆழத்துக்குச் சரியும் விளிம்பை ஒட்டிக் கிடக்கும் நீண்ட பார் அது. அங்கே சிப்பிக் குஞ்சுகள் திரும்பத் திரும்ப இலட்சோப இலட்சமாய் வந்து படியும். காண்பவர் மனம் துள்ளும். இங்கிருந்தே மற்றப் பார்களுக்குச் சிப்பி செல்கிறது என்று எண்ணிக் கரையோர மக்கள் அதைத் தாய்ப் பார் என்று கருதி வந்தனர். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் நீரோட்டம் அடியைக் கலக்கும், மணல் புரளும், குஞ்சுகள் புதைந்தும் அடித்துச் செல்லப்பட்டும் அழியும். முதிர்ந்த சிப்பியாகி அங்கே பலன் தருவது அரிது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மன்னார்க் கடலில் இதைப் போன்ற வளமான பார் இல்லை. வருமானத்தைப் பார்த்தால் இதைப் போன்ற ஏமாற்றும் இல்லை. ஹேர்ட்மனும் ஹோர்னெலும் முன்வைத்த யோசனை, அக்குஞ்சுகளை அங்கே சாகவிடாமல் வாரியெடுத்து, கரைக்கு அண்மையில் பாதுகாப்பாக உள்ள செவல் பார் போன்றவற்றில் பரப்பி வளர்ப்பது. சிப்பி பற்றிக்கொள்ளக் கல்லும் பழஞ்சிப்பியும் அடியில் இடவேண்டும் என்றும் கூறினர்.

அதிர்ஷ்டம் அப்போது முகம் காட்டியது. 1903இல் சலாபம் நடந்தது. அரசாங்கத்துக்கு 8 இலட்சம் ரூபாவுக்குமேல் வருமானம். 1904இல் அது 10 இலட்சத்தைத் தாண்டியது. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, 25 இலட்சம் ரூபா திறைசேரிக்கு வந்தது. அதற்கு முன்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் எந்த ஒரு சலாபமும் அவ்வளவு ஈட்டியதில்லை. விஞ்ஞானிகள் வந்தனர், கடல் திறந்தது என்று உலகம் பேசிற்று.

இங்கே ஒரு சிறு கணக்கை வாசகர்கள் போட்டுப் பார்க்கலாம். நான்கைந்து வயதுச் சிப்பிதான் எடுக்கப்படுகிறது. ஆகவே 1903இலும் 1904இலும் எடுத்த சிப்பி ஹேர்ட்மனும் ஹோர்னெலும் கப்பலேறு முன்னரே பாரில் வந்து படிந்தது. 1905ஆம் ஆண்டின் சிப்பியும் பெரும்பாலும் அப்படியே. மூன்றாண்டு வருமானத்தின் வரைபடம் மேல்நோக்கிப் பாய்ந்தது உண்மை. ஆனால் அதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை. எண்கள் பிழையல்ல. அவற்றை அடுத்தடுத்து வைத்த வரிசையே பார்ப்பவருக்கு ஒரு பொய்யைச் சொல்லிற்று.

அந்தப் பொய்யை நம்பித்தான் அடுத்த காரியம் நடந்தது. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற பெயரில் ஒரு நிறுவனம் இலண்டனில் அமைந்தது. 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களை ஆண்டுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகைக்கு அது குத்தகையாகப் பெற்றது. ஒரே ஆண்டில் 25 இலட்சம் தந்த சொத்தை அரசாங்கம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டதென்று இங்கே கூக்குரல் எழுந்தது. கம்பனியின் பங்குதாரர்களும் அப்படியே நினைத்து மகிழ்ந்திருப்பர். குறைகூறியவர்களும் மகிழ்ந்தவர்களும் பார்த்தது ஒரே மூன்று ஆண்டுகளை.

அரசாங்கத்தின் பழைய ஏடுகளில் வேறொரு கணக்கும் இருந்தது. 1837க்குப் பின்னர் 1855 வரை சலாபம் இல்லை. 1864 முதல் 1873 வரை இல்லை. 1892 முதல் 1902 வரை இல்லை. இந்த மூன்று வெற்றுக் காலங்களைக் கூட்டினாலே ஏறக்குறைய 40 ஆண்டுகள் வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியை எடுத்துக்கொண்டால் கடல் கொடுத்த ஆண்டுகளைவிடக் கொடாத ஆண்டுகளே அதிகம். ஒல்லாந்தர் காலத்திலும் இதே கதைதான். 20 ஆண்டுக் குத்தகை எடுப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எத்தனை ஆண்டு வெறும் ஆண்டாக இருக்கும் என்பதே. அதற்கு விடை தரும் நிரல் அவன்முன் வைக்கப்பட்ட சுருக்கத்தில் எடுப்பாக இருக்கவில்லை, அல்லது இருந்தும் கண் அதில் நிற்கவில்லை.

இதில் ஹோர்னெலுக்கும் அவருடைய ஆசானுக்கும் பங்கில்லை என்று நாம் வாதாட முன்வரவில்லை. விஞ்ஞான முறைப்படி பராமரித்தால் முத்துப் பார்களின் எதிர்காலம் குறித்து மனந்தளர வேண்டியதில்லை என்பது ஹேர்ட்மனின் முடிவு. அந்த வாக்கியத்தின் முன்பாதி ஒரு நிபந்தனை. இடைவிடாத சோதனை, பெயர்த்து நடுதல், அடித்தளம் அமைத்தல், பல ஆண்டுப் பொறுமை எல்லாம் அதில் அடங்கியிருந்தன. அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் பயணம் செய்த சுருக்கத்தில் முன்பாதி உதிர்ந்தது. மனந்தளர வேண்டாம் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. முத்து உருவாவதற்கு நாடாப்புழுவின் இளம் பருவமே காரணம் என்று அவர்கள் சொன்ன கருத்தும் இப்படியே விரைவாகப் பரவியது. 1912இல் லிஸ்டர் ஜேம்ஸன் அந்த மாதிரிகளையே மறுபடி ஆராய்ந்து அக்கருத்தைக் கடுமையாக மறுத்தார். எளிமையாகச் சொல்லக்கூடியது என்பதனால் ஒரு கூற்று உண்மையாகிவிடுவதில்லை.

1906இல் சலாபம் நன்றாகவே நடந்தது. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ப் அப்போது இளம் சிவில் அதிகாரி. மறிச்சுக்கட்டி முகாமில் சிப்பிக் குவியல்களுக்கும் அழுகல் நாற்றத்துக்கும் இடையே கடமையாற்றியவர். படகுகள் கரைசேர்ந்ததும் சிப்பிகள் மூன்று பங்காகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாட்களுக்கு. பின்னர் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். 1907இலும் சலாபம் நடந்தது, சற்றுக் குறைந்த அளவில். அத்துடன் கடல் மூடிக்கொண்டது. 1908 முதல் பார்கள் வெறுமை. வாடகையோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது.

அந்த முடிவு வருமுன்னரே ஹோர்னெல் பாக்கு நீரிணையின் மறுகரைக்குப் போய்விட்டார். சென்னை மாகாணத்தில் சேர் பிரெடெரிக் நிக்கல்சன் மீன்வளத்துறையைக் கட்டியெழுப்பிக் கொண்டிருந்தார். கூட்டுறவு இயக்கத்துக்கு இந்தியாவில் வித்திட்ட அறிக்கையை எழுதிய அதே நிக்கல்சன். அவருக்குத் துணையாகச் சேர்ந்த ஹோர்னெல், தூத்துக்குடிப் பக்கத்து முத்துப் பார்களையும் சங்குக் குளிப்பையும் தம் பொறுப்பில் ஏற்றார். 1918இல் அத்துறையின் பணிப்பாளரானார். 1924 வரை அப்பதவியில் இருந்தார்.

மன்னாரில் கிடைத்த அனுபவம் அவரை எப்படி மாற்றியது என்பதற்கு அவருடைய பிற்கால எழுத்தே சாட்சி. இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி 1914இல் வெளியிட்ட நூலில் கடலடியில் சங்கு கிடக்கும் மணலில் தொடங்கி, குளிப்பவரின் வாழ்க்கை, வங்காளத்தில் வளையல் அறுக்கும் தொழில், கோயில் வழிபாடு வரை சென்றார். மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணைப் பகுதிகளின் இந்திய முத்துக்குளிப்புப் பற்றிய நூல் 1922இல் வந்தது. அதில் சலாபங்களின் வரலாற்றுக்கு அவர் கொடுத்த இடம் கவனிக்கத்தக்கது. இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்த ஆய்வை 1920இல் வெளியிட்டார். தென்னிந்தியப் படகுகளுக்கும் பசிபிக் தீவுகளின் படகுகளுக்கும் அவர் கற்பித்த உறவை ஏற்காத அறிஞர் பலர். ஆனால் எந்தப் பலகை எந்தப் பலகையோடு எந்தக் கயிற்றால் தைக்கப்பட்டது என்று அவர் அளந்து வரைந்து வைத்ததை எவரும் மறுக்கவில்லை.

ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1924இல் புறப்பட்ட சென் ஜோர்ஜ் ஆய்வுப் பயணத்தில் பசிபிக் சமுத்திரத்துக்குச் சென்றார். ஏ. சி. ஹடனோடு சேர்ந்து எழுதிய ஓசியானியாவின் ஓடங்கள் மூன்று தொகுதிகளாக 1936 முதல் 1938 வரை வெளிவந்தது. உலகின் நீர்ப்போக்குவரத்து பற்றிய பெருநூல் 1946இல் வந்தபோது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. 1949இல் காலமானார்.

இவ்வளவையும் இப்போது நினைவூட்டக் காரணம் மன்னாரே. மீண்டும் அத்தீவு தொலைவில் இருந்து பார்க்கும் கண்களுக்கு ஓர் எண்ணாகச் சுருங்கிக் கொண்டிருக்கிறது. 2020இன் இறுதியில் தொடக்கி வைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் 103.5 மெகாவாற் என்று குறிக்கப்படுகின்றன. அடுத்த திட்டங்கள் பேசப்பட்டன. இந்தியாவின் அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் தான் மேற்கொள்ளவிருந்த திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தீவு மக்கள் வீதியில் இறங்கினர். மழைநீர் வடிந்தோட வழியின்றி வீடுகளுக்குள் நிற்கிறது என்பது அவர்களது முறைப்பாடு. வங்காலைச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் வந்து திரும்பும் பறவைகளின் பாதையும் இதுவே. காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்று இக்கட்டுரையில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. உயரதிகாரியின் திரையில் மெகாவாற்றுக்கு ஓர் இடம் இருக்கிறது, செலவுக்கு ஓர் இடம் இருக்கிறது. வெள்ளம் நின்ற நாட்களுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இருந்தால் அதை நிரப்பும் தகவல் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ வாழ்பவரிடமிருந்து வர வேண்டும். முன்பு குளியாளின் கையிலிருந்து வந்ததைப் போல.

செயலியை அமைப்பவர்களிடம் கேட்க இன்னும் ஒன்று உண்டு. பச்சை நிறம் காட்டும் கட்டத்தைத் தொட்டால் அதன் நிபந்தனை அடியில் தெரியட்டும். கடந்த மூன்று மாதங்களின் வரைபடத்தோடு, இதே வகைத் திட்டங்கள் முன்னர் எத்தனை முறை கைவிடப்பட்டன என்ற எண்ணும் இருக்கட்டும். இவற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. ஹோர்னெலின் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் வெற்று ஆண்டுகள் என்று நான்காவது எண் ஒன்று இருந்திருந்தால், கம்பனி வேறொரு வாடகையைப் பேசியிருக்கும். ஒருவேளை பேசவே வந்திராது.

1958இல் மீண்டும் ஒருமுறை சலாபம் நடத்திப் பார்த்தனர். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆளுநர் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலாபத்தை மேற்பார்வை செய்யவென அரிப்பில் கட்டிய டோரிக் மாளிகையின் சுவர்கள் கடலரிப்பில் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. எஞ்சி நிற்கும் சுவரருகே நின்று பார்த்தால் பார்கள் கிடக்கும் திசையில் மீனவர் படகுகள் போய்வருவது தெரிகிறது.